இருட்டாத மாலைகள்

நாலு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகிறீர்களே, வளர்ந்த பிறகு அவனுக்கு ஒன்றும் நினைவிருக்காதே என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. லிஸ்பன் என்றால் அவனுக்கு ரொனால்டோ பந்து பழகிய ஊர்; அவ்வளவுதான். அந்த நாட்கள் மொத்தமும் என்னிடம் தங்கிவிட்டன. சேர்ந்து வாழ்ந்த ஒன்றை ஒருத்தியாக உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருப்பது எப்படிப்பட்டது என்று, பிள்ளை வளர்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் அவன் எங்கும் போய்விடவில்லை. இடக்கொச்சியில், அரூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், காயல் காற்று வந்து போகிற அதே வீட்டில்தான் இருக்கிறோம். அவன் பக்கத்து அறையில் இருக்கிறான். காதில் ஹெட்போன். கூப்பிட்டால் இரண்டாவது தடவைக்கு "என்னம்மா?" என்று ஒரு கனத்த குரல் வருகிறது. போன மழைக்காலத்தில் உடைந்த குரல். நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்வான். ஆனால் அந்தத் தொண்டையில் முன்பு குடியிருந்த குரல், வார்த்தையின் கடைசி எழுத்தை இழுத்து இழுத்து விடுகிற அந்தச் சின்னக் குரல், எங்கே போயிற்று? யாரிடம் போய்க் கேட்பது?

2016, மே மாதக் கடைசி. கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஒப்பந்தம் முடித்து இறங்கினால் அடுத்த கப்பல் ஏறும்வரை சில மாதம் கரையில் இருப்பார். பிள்ளை அவரைப் பாதி போனிலும் பாதி நேரிலுமாக அறிந்திருந்த காலம் அது. இந்த முறை இறங்கியதும், "மூணு பேரும் எங்கயாவது போய், ஒரே இடத்துல, சும்மா இருப்போம்" என்றார். பத்து நாளில் ஏழு நாடு காட்டும் சுற்றுலாக்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் சின்னக் குழந்தைக்கு வாய்ப்பது பஸ் ஜன்னல் மட்டும்தான். ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள் வரை தங்கலாம், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு விசாக் கட்டணமும் கிடையாது. ஓர் ஊர் போதும் என்று முடிவு செய்தோம். ஜூன் கடைசி வரை. நர்சரி திறக்கும் நாள் தப்பிப் போகும் என்றார்கள். போகட்டும் என்றோம்.

லிஸ்பன் ஏன் என்று கொச்சிக்காரர்கள் யாரும் கேட்கவில்லை. நான் பிறந்தது ஃபோர்ட் கொச்சியில், வெளி என்கிற பகுதியில். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த வண்ணார் குடும்பங்கள் எங்களுடையவை. வழிவழியாக அப்படித்தான் சொல்லிவருகிறார்கள். 1976-இல் கிரேட்டர் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்த டோபிகானாவில், தன் பங்குக்கு ஒரு துவைகல்லும் ஒரு தண்ணீர்த் தொட்டியுமாக அப்பா ஆயுசைக் கழித்தார். நான் கல்யாணமாகி இடக்கொச்சிக்கு வந்தேன். அம்மா போன பிறகு அப்பாவும் எங்களோடு வந்துவிட்டார். பல்லுருத்தி, தோப்பும்படி வழியாக பஸ் பிடித்து, பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போய்வருவார். போகிற வழியில் பிரான்சிஸ் மாதாகோவிலுக்குள்ளும் நுழைவார். அங்கே தரையில் கிராதி போட்ட ஒரு கல்லறை. வாஸ்கோ ட காமாவை 1524-இல் புதைத்த இடம். பத்துப் பதினைந்து வருடம் கழித்து எலும்புகளை அவருடைய ஊருக்கே எடுத்துப் போய்விட்டார்கள். "இதுக்குள்ள யாரு தாத்தா?" என்று இவன் ஒவ்வொரு தடவையும் கேட்பானாம். "இப்ப யாரும் இல்ல கண்ணு. தூக்கிட்டுப் போய்ட்டாங்க" என்று அப்பாவும் ஒவ்வொரு தடவையும் சொல்வாராம்.

எங்களோடு வரச்சொல்லிக் கூப்பிட்டோம். "நான் எதுக்கும்மா? நீங்க போய்ட்டு வந்து சொல்லுங்க" என்று மறுத்துவிட்டார். அதன் பிறகு அவர் இருந்தது மூன்றே வருடம்.

லிஸ்பனில் நாங்கள் தங்கியது கிராசா மேட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. மரப்படி. ஜன்னலுக்கு நேர் கீழே 28-ஆம் எண் டிராம் போகும் தெரு. 1930-களில் செய்த சின்ன மஞ்சள் வண்டிகள், உள்ளே பலகை ஆசனங்கள். திருப்பத்தில் தண்டவாளத்தோடு சக்கரம் உரசி ஒரு கீச்சிடல், அதைத் தொடர்ந்து ஓட்டுநர் காலால் மிதிக்கும் மணி, டிங் டிங். விடிந்ததிலிருந்து அதுதான். முதல் இரண்டு நாள் தூக்கம் கெட்டது. அப்புறம் அது இல்லாவிட்டால் தூக்கம் வராது என்றாயிற்று. பையன் ஜன்னலில் முட்டி போட்டு நின்று, மேலே ஏறும் வண்டியைப் பார்த்து "வந்துட்டியா" என்பான். இறங்கும் வண்டிக்கு "போய்ட்டு வா". ஒன்றையும் விடமாட்டான். சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது மணி கேட்டால் வாயில் இருப்பதோடு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வருவான். வந்துட்டியா. போய்ட்டு வா.

இந்த இரண்டு வார்த்தைகளை அதே குரலில் இன்னொரு தடவை கேட்க நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

காலையில் ரொட்டிக் கடைக்குக் கணவரும் பிள்ளையும்தான் போவார்கள். நான் மேலே நின்று பார்ப்பேன். லிஸ்பனின் நடைபாதைகளெல்லாம் கையால் பதித்த சிறுகல். வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லும் கருங்கல்லும் சேர்த்து அலையும் பூவுமாகக் கோலம் போட்டிருப்பார்கள். தள்ளுவண்டிக்கு அந்தத் தரை ஆகவே ஆகாது. ஊரோ மேடும் பள்ளமும். கொண்டுபோன தள்ளுவண்டி இரண்டாம் நாளே கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. நடந்தான், முடியாதபோது அவர் தோளில் ஏறிக்கொண்டான். கறுப்புக் கல்லில் மட்டும் மிதிக்க வேண்டும் என்று அவனே ஒரு சட்டம் வைத்திருந்தான். வெள்ளையில் கால் பட்டால் திரும்பப் போய் முதலிலிருந்து வரவேண்டும். அவரும் வருவார். கப்பலில் மணிக்கணக்குப் பார்த்தே வாழ்கிற மனிதர், ரொட்டி வாங்கக் கீழே போய் ஒரு முழுக் காலையையும் செலவழித்துவிட்டு வருவார். யாரும் எங்களை எங்கும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. அப்படி ஒரு காலம் எங்கள் மூவருக்கும் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இப்போது அவர் வேறொரு கடலில் இருக்கிறார். வீடியோவில் முகம் தெளிவாகத் தெரிகிறது, இணையம் முன்பைவிட நல்ல வேகம். பையன் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறான்.

அல்ஃபாமாவுக்குக் கிராசாவிலிருந்து இறங்கியே போய்விடலாம். முடுக்கு முடுக்காகச் சந்துகள், படிக்கட்டுகள். தலைக்கு மேலே ஜன்னலுக்கு ஜன்னல் துணி. சட்டை, பாவாடை, போர்வை, மேசை விரிப்பு. அவன் நின்றுவிட்டான். அண்ணாந்து பார்த்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி "தாத்தா துணி!" என்று கத்தினான். உலகத்தில் எங்கே துணி தொங்கினாலும் அது தாத்தாவுடையது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு சந்தில் இன்னும் புழக்கத்தில் இருக்கிற பொதுச் சலவைக்கூடம் ஒன்றும் இருந்தது. கல்தொட்டி, சாய்வான கல், சவுக்கார வாசனை, கைமடித்துவிட்டுத் துவைத்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள். நான் அந்த வாசலில் வெகுநேரம் நின்றேன். என் அப்பாவின் வேலையைப் பலரும் குறைத்துப் பேசக் கேட்டு வளர்ந்தவள் நான். ஐரோப்பாவின் ஒரு தலைநகரத்தில், சுற்றுலாக்காரர்கள் நடமாடும் வழியில், அதே வேலை தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தது.

படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினோம். அன்று மாலை போனில் அதுதான் பேச்சு. லிஸ்பனில் மாலை நான்கு, இங்கே இரவு எட்டரை. அதுதான் எங்கள் நேரம். "கிளிப்பு மாட்டுறாங்களே, தழும்பு விழுமே" என்றார். டோபிகானாவில் கிளிப்பு கிடையாது. இரட்டையாக முறுக்கிய கயிற்றின் புரிக்கு நடுவில் துணியின் முனையைச் செருகிவிடுவார்கள். எந்தக் காற்றுக்கும் விழாது, துணியில் அடையாளமும் விழாது. "சந்து குறுகலு. வெயிலு எத்தன நேரம் விழும்? மத்தியானத்துக்கு மேல திருப்பிப் போடச் சொல்லு" என்று, லிஸ்பன்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

பெலேமில் ஜெரோனிமோஸ் மடத்துக்குப் போன நாளையும் சொல்ல வேண்டும். வாசலை ஒட்டி வாஸ்கோ ட காமாவின் கல்லறை. கல்லில் செதுக்கிய மனிதர் கைகூப்பிப் படுத்திருப்பார். அந்த மனிதர்மேல் எனக்குப் பிரியம் கிடையாது. 1502-இல் ஹஜ் பயணிகள் வந்த கப்பலை ஆட்களோடு எரித்தவர். ஆனால் என் பிள்ளைக்கு அவர் வேறு. கொச்சியில் காலிக் குழியைக் காட்டி வளர்த்த பிள்ளை. அவர் யார் என்று அவனிடம் சொன்னதும் கண் அகன்றது. அன்று போனில் தாத்தா "அலோ" சொல்லி முடிக்கவில்லை. "தாத்தா! அவரு இங்கதான் இருக்காரு! தூங்குறாரு!" மறுமுனையில் அப்பா சிரித்த சிரிப்பு, இருமலில் போய் முடிந்து மறுபடி சிரிப்பாக வந்தது, இன்னும் என் காதில் இருக்கிறது. "கண்டுபுடிச்சிட்டியா கண்ணு? நான் எத்தன நாளா தேடுறேன்!"

அந்த மடத்துக்குப் பக்கத்துக் கடையில் 1837-இலிருந்து முட்டை கஸ்டர்ட் வைத்த சின்னப் பலகாரம் சுடுகிறார்கள். போர்ச்சுகல் மடங்களில் துறவிகளின் உடைக்கு மொடமொடப்பு ஏற்ற முட்டையின் வெள்ளைக்கருவைப் பயன்படுத்தினார்கள், மிஞ்சிய மஞ்சள்கருவில்தான் இந்த மாதிரிப் பலகாரங்களெல்லாம் பிறந்தன என்று சொல்வார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "வெள்ளைக்கருவா... வீச்சம் அடிக்காதா?" என்று கேட்டார். அப்புறம் தனக்குத்தானே, "அரிசிக் கஞ்சிக்கு ஈடு இல்லம்மா" என்றார். எறணாகுளத்தில் இப்போது ஒரு கேக் கடையில் அதே வடிவத்தில் அந்தப் பலகாரம் கிடைக்கிறது. வாங்கினேன். ருசி மோசமில்லை. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு எட்டரை மணிக்கு ஓர் ஆள் இல்லை.

ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகும். அதற்கப்புறமும் வானம் வெளுத்தே கிடக்கும். பையன் தூங்க மறுப்பான். "இருட்டவே இல்லையேம்மா" என்பான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. தாத்தாவிடமும் புகார் போயிற்று. "அங்க சூரியனுக்கு அம்மா இல்ல போல. தூங்கப் போன்னு சொல்ல ஆளில்ல" என்றார் அவர். அதிலிருந்து தினமும் ஜன்னலில் நின்று சூரியனைத் தூங்கச் சொல்லிவிட்டுத்தான் படுக்க வந்தான். டேகஸ் ஆறு கடலாக அகலும் இடம் எங்கள் மேட்டிலிருந்து தெரியும். அதை அவன் காயல் என்றே சொன்னான். நானும் திருத்தவில்லை. அக்கரைக்குப் போகும் காசில்யாஸ் படகு அவனுக்கு நம்ம ஊர்ப் போட்டு. ஆற்றின் குறுக்கே ஏப்ரல் 25 பாலம்; அதன் தளத்தில் ஒரு பகுதி இரும்புக் கிராதி என்பதால் வண்டிகள் போகப் போகக் கீழே ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும், நிற்காது. "பாலம் பாடுதும்மா." இந்த ஊர்ப் பாலத்தில் லாரிகள் போகும்போது இப்போதும் நான் காது கொடுக்கிறேன். ஒன்றுமில்லை, வெறும் இரைச்சல். 2023-இல் நம் காயலுக்கு வாட்டர் மெட்ரோ வந்தது. குளிரூட்டிய படகு, பெரிய கண்ணாடி, சுத்தமான இருக்கை. குறையே சொல்ல முடியாது. கண்ணாடி மூடியிருப்பதால் காற்று முகத்தில் படுவதில்லை, அவ்வளவுதான். கூட வந்தவனும் வெளியே பார்க்கவில்லை.

ஜூன் 8. கேரளத்தில் அந்த வருடம் பருவமழை இறங்கிய நாள். லிஸ்பனில் வானம் நீலமாக, ஒரு பொட்டு மேகம் இல்லாமல் இருந்தது. போன் எடுத்ததும் அப்பா பேசவில்லை. "கேளு" என்று மட்டும் சொன்னார். போனைப் பின்கட்டுக் கூரைக்கு அடியில் பிடித்திருக்கிறார். தகரத்தில் மழை. ஸ்பீக்கரில் போட்டோம். அந்த வீட்டின் மர மேசைமேல் போனை வைத்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். கீழே டிராம் போயிற்று, மணி அடித்தது, அவன் எழுந்து ஓடவில்லை. அந்த மாதத்தில் அவன் தவறவிட்ட வண்டி அது ஒன்றுதான். இடக்கொச்சி மழை அந்த அறை முழுக்கப் பெய்தது, ஐயாயிரத்துச் சொச்சம் மைலுக்கு அப்பால், எங்கள் யார்மேலும் படாமல். "வச்சிரட்டா கண்ணு?" என்றார் அப்பா கடைசியில். "வைக்காத தாத்தா." தினமும் நடக்கிற பேச்சுதான் இது. வச்சிரட்டா. வைக்காத. வச்சிரட்டா. வைக்காத. யார் முதலில் வைப்பது என்று தெரியாமல் நீண்டு, கடைசியில் நான்தான் வாங்கி வைப்பேன்.

இப்போது அந்தத் தகரக் கூரை இல்லை. மாடி எழுப்பி, கான்கிரீட் போட்டு, ஒழுகாமல் நன்றாக இருக்கிறோம். மழை பெய்வது ஜன்னலைத் திறந்தால்தான் தெரிகிறது.

ஜூன் 12 ராத்திரி அந்தோனியார் திருநாள். ஊரே தெருவில் இருந்தது. கிராசாவிலும் அல்ஃபாமாவிலும் வாசலுக்கு வாசல் கரியடுப்பு, மத்தி சுடும் புகை, காகிதத் தோரணம். மத்தி மணத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது சொந்த ஊர். கீழ்வீட்டுக் கிழவி அவனுக்கு ஒரு சின்னத் தொட்டி கொடுத்தாள். உருண்டையாகக் கத்தரித்த துளசி வகைச் செடி, மேலே ஒரு காகிதப் பூ. மூக்கை வைத்து மோந்தால் செடி வாடிவிடும் என்பது அங்கே நம்பிக்கை. உள்ளங்கையைச் செடிமேல் வைத்து எடுத்து, கையைத்தான் மோந்து பார்க்க வேண்டும். அவள் செய்து காட்டினாள். அவனும் செய்தான். திருநீற்றுப்பச்சை வாசனை. பிறகு அந்தக் கையை என் மூக்கில் கொண்டுவந்து வைத்தான். புகையும் எண்ணெயும் செடியும் பிள்ளை வியர்வையுமாக ஒரு சின்ன உள்ளங்கை. மொட்டை மாடியில் இப்போது மூன்று தொட்டி திருநீற்றுப்பச்சை வளர்க்கிறேன். வாசனை கிட்டத்தட்ட அதேதான். கிட்டத்தட்ட.

நாங்கள் திரும்பிய பிறகுதான் போர்ச்சுகல் யூரோ கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. நம் நேரத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டரை, பிரான்சோடு. பந்தில் அப்பாவுக்கு அக்கறை இருந்ததில்லை. அன்று மட்டும் முண்டாசைக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் விழித்திருந்தார். 109-ஆவது நிமிடம் ஏடர் அடித்த ஒரே கோலில் வென்றார்கள். மடியில் தூங்கிக்கொண்டிருந்தவனிடம் குனிந்து, "உங்க ஊரு ஜெயிச்சிடுச்சு கண்ணு" என்றார். அவன் எழுந்திருக்கவில்லை. 2019-இல் அப்பா போய்விட்டார். அவருடைய இஸ்திரிப் பெட்டி வீட்டில் இருக்கிறது. குரல் எங்கும் இல்லை.

படங்கள் ஏராளம். வருடாவருடம் ஜூன் வந்தால் போனே எடுத்துக் காட்டுகிறது, பாட்டுப் போட்டு. பார்க்கிறேன், மூடிவிடுகிறேன். படத்தில் பிள்ளை சிரிக்கிறான், வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. ஒரே ஒரு வீடியோ உண்டு, காசில்யாஸ் படகில் எடுத்தது. எதையோ கைநீட்டிக் காட்டி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறான். காற்று இரைச்சலில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. என்ன சொன்னாய் என்று அவனையே கேட்டேன். தெரியலியேம்மா என்றான். அவன் எப்படித் தெரிந்து வைத்திருப்பான்?

2025 செப்டம்பர் 3 அன்று லிஸ்பனில் குளோரியா இழுவை டிராம் கம்பி விட்டுச் சரிந்து 16 பேர் இறந்தார்கள். 1885-இல் ஓடத் தொடங்கிய வண்டி. மேடு ஏற முடியாத மாலைகளில் நாங்கள் அதில்தான் ஏறினோம். முன்கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றிருப்பான். செய்தியில் அந்த மஞ்சள் பெட்டி சுவரோரம் நொறுங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு என்னையறியாமல் அவன் கையைப் பிடித்தேன். "நம்ம இதுல போயிருக்கோமாம்மா?" என்றான். போயிருக்கோம் என்றேன். "அப்படியா" என்று கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம், எதற்கென்று தெரியவில்லை, "நான் அங்க என்னம்மா பண்ணுவேன்?" என்று கேட்டான். டிராமுக்கெல்லாம் வந்துட்டியா, போய்ட்டு வா சொல்லுவே என்றேன். அந்தக் கனத்த குரலில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். சிரித்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது. அதை அவன் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டில் மூன்று, நான்கு வயதில் ஒன்று இருக்கிறதா? அதற்கு நினைவிருக்குமா என்று யார் கேட்டாலும் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். கையில் கொஞ்சம் பணமும் விடுப்பும் ஒன்றாக வாய்க்கிற வருடத்தில், ஒரே ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துப் போய் இருந்துவிட்டு வாருங்கள். லிஸ்பன்தான் என்பதில்லை, கொடைக்கானலாகவும் இருக்கலாம். பெரியவர்கள் வரமாட்டேன் என்றால் இன்னொரு தடவை கூப்பிடுங்கள். படம் எடுத்தது போதும் என்று இருந்துவிடாமல், பிள்ளையும் தாத்தாவும் போனில் பேசிக்கொள்வதை ஒரு நாளாவது முழுசாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். வச்சிரட்டா என்று அவர் கேட்பதிலிருந்து, போனை வைக்கிற சத்தம் வரைக்கும்.